மூன்றாம் பயிற்சியை அடித்துவிட்டேன்

நீங்கள் அனுப்பிய பயிற்சித் தாள் செவ்வாய்க்கிழமை காலை கைக்கு வந்தது. "ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் என்ற முறையில் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதே மரியாதையோடு சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

எழுத ஆசைப்படும் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடத்தப் போகிறீர்கள். நல்ல காரியம். முதல் பயிற்சி, ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லாமல் வர்ணிப்பது. இருக்கட்டும். இரண்டாவது, குறித்த நேரத்துக்குள் பேனாவை எடுக்காமல் எழுதுவது. அதுவும் இருக்கட்டும். மூன்றாவது இது: "பொது இடத்தில் பிறர் பேசுவதை அவர்கள் அறியாமல் கேட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுக." அதற்குக் கீழே, "இது நம் மூத்த ஆசிரியர் தொடங்கிவைத்த பயிற்சி" என்று பெருமையாக ஒரு வரி.

ஆமாம், தொடங்கிவைத்தவன் நான்தான். இந்தக் கோபமும் அதனால்தான்.

இந்தத் தீவுகளில் காடு வெட்டி, நிலம் பிரித்து, ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வீடு பாம்பூஃப்ளாட்டில், பள்ளி போர்ட் பிளேரில். தினமும் காலையில் படகேறி, எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்குவேன். மாலையில் அதே வழியாகத் திரும்புவேன். அப்போது எங்களிடம் ஒரு கையெழுத்து ஏடு இருந்தது. ஒரே பிரதிதான். கெட்டி அட்டை போட்ட நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, பின் அட்டையில் பெயர்ப் பட்டியல் ஒட்டி வீடு வீடாக அனுப்புவோம். ஒருவர் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எழுதுபவர்கள் ஏழு பேர். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள். நான் ஆசிரியர், திருத்துபவன், தேதி போடுபவன்.

தேதி என்றால் எனக்கு வெறி. அது உங்களுக்கும் தெரியும்; பள்ளியில் அதை வைத்து எனக்குப் பட்டப்பெயரே இருந்தது. எழுதுபவர் எவராயினும் முதல் வரியில் நாள், காற்றின் திசை, துறைமுகத்தில் கப்பல் உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டும். குறிக்காத பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தேன்: "இந்த ஏட்டில் கற்பனைக்கு இடமில்லை." எத்தனையோ நூல்கள் படித்தவன் நான். அப்படிப் படித்தவன் எழுதிய வரி அது. இப்போது நினைத்தால் அந்த மையைக் கரைத்துக் குடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

படகில் நான் கொடுத்த பயிற்சி எளிமையானது. கரையில் கயிற்றை அவிழ்க்கும்போது காதைத் திறக்க வேண்டும். எதிர்க்கரையில் கயிற்றைக் கட்டும்போது மூட வேண்டும். இடையில் கேட்டதை அப்படியே எழுத வேண்டும். பேசுபவர் பார்த்துவிட்டால் பேச்சு மாறிவிடும், அதனால் நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆமாம், மறைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நானே.

ஏழு பேரில் உண்மையாக எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். கனி. ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். போர்ட் பிளேர் கடைத்தெருவில் குடையும் டார்ச் விளக்கும் விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் கொண்டுவந்த பக்கத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். படகில் ஒரு பெண் தன் தோழியிடம் பேசியது. இன்னும் எனக்கு மனப்பாடம்.

"அவன் இனி எங்கடி வரப்போறான். கண்ணு வைத்தியம்னு கப்பல் ஏறுனவன், மெயின்லேண்ட்லயே ஒருத்தியோட குடும்பமாயிட்டானாம். நான் ஒவ்வொரு கப்பலுக்கும் ஜெட்டியில போயி நிக்கிறேன். நாலு பேரு பாக்கணும்ல. எல்லாரும் எறங்குன பொறவு, இந்தத் தடவையும் டிக்கெட் கெடைக்கலையாம்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துருவேன். ஊரு நம்புது. மாடு கூட நம்புதுடி. அவன் சட்டையைக் கண்டா இன்னும் தலையை ஆட்டுது."

அந்தப் பெண்ணை வீராயி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரார்கஞ்சில் கணவன் பெயரில் அரசு கொடுத்த நெல் வயல். நிலம் பெற்றவன் தீவில் இருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. விட்டுப் போய்விட்டான் என்று தெரிந்தால் ஒதுக்கீட்டை ரத்து செய்வார்கள். உழுவது, நடுவது, அறுப்பது எல்லாம் அவள்தான். ஆனால் காகிதத்தில் அவள் இல்லை. அவள் ஜெட்டியில் போய் நின்றது அதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கனி கேட்கவும் கேட்டார்.

"சார், ஊர் பேரை எடுத்துறலாமா? பொம்பளப் பிள்ள விஷயம்."

"எடுத்தால் இது கதையாகிவிடும், கனி. இப்போது இது சாட்சி."

"யாருக்கு சார் சாட்சி?"

 நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "குடை என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன நிறம்?"

"பச்சை. மூங்கில் பிடி. நான் வித்த குடைதானே."

பச்சைக் குடை, மூங்கில் பிடி என்று என் கையால் சேர்த்தேன். ஊர்ப் பெயருக்குக் கீழே கோடு போட்டேன். மேலே தேதியும், முந்தைய நாள் கப்பல் வந்ததையும் எழுதினேன். நுட்பம் சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தியின் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுதான் அன்றைக்கு நான் பார்த்த ஆசிரியர் வேலை.

இனி இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். நிலப் பட்டா விவகாரங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். எங்கள் ஏட்டின் தீவிர வாசகர். அவரும் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். கப்பலே வராமல் போன ஒரு வருடத்தைப் பற்றி முதல் கதை. "இது எங்கே, என்றைக்கு நடந்தது?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "நடக்கலை சார். அதனாலதானே எழுதினேன்." இரண்டாவதையும் திருப்பினேன். அதன் பிறகு அவர் எழுதித் தரவில்லை. ஏட்டை மட்டும் தவறாமல் வாங்கிப் படித்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து சாத்தம் ஜெட்டிக்கு வந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். சட்டை முழுவதும் வேர்வை.

"சார், தப்புப் பண்ணிட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்துல எங்க ஆபீசர் சாப்கிட்ட படிச்சுக் காட்டினேன்."

"எதை?"

"அந்தப் படகுப் பேச்சை. எவ்வளவு நல்லா இருக்குன்னு இந்தியில சொல்லிக் காட்டினேன் சார். எங்க ஆளுங்க எப்படி எழுதுறாங்க பாருங்கன்னு. மாடு தலையாட்டுதுன்னு சொன்னப்ப சாப் வாய்விட்டுச் சிரிச்சார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, 'பெரார்கஞ்சா? யார் அந்தப் பொம்பள?'ன்னு கேட்டார்."

அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, பொறாமை இல்லை, காட்டிக்கொடுக்கும் புத்தியும் இல்லை. எங்கள் எழுத்தைப் புகழப் போனவர். என் கோபம் அதிகமாவதற்கு அதுவே காரணம். அன்பாகப் படித்த ஒரே ஒரு வாசகர் போதுமாக இருந்தது. நாங்கள் அத்தனை கூர்மையாக எழுதிவைத்திருந்தோம்.

சாப் வடக்கிலிருந்து வந்த அதிகாரி. தமிழ் தெரியாது. கெட்டிக்காரர். தேதியை வைத்துக் கப்பலைக் கண்டுபிடித்தார்; ஊரை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை காலை நான், கனி, வீராயி மூவரும் வரவேண்டும் என்று உத்தரவு.

ஞாயிறு முழுவதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாதவன் என்ற என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டேன். கனி வந்து, "பொய்னு சொல்லிருங்க சார், நான் கட்டிவிட்ட கதைன்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினார். "யோசிக்கிறேன்" என்றேன். ஒருத்தியின் வயல் போகப் போகிறது, நான் யோசிக்கிறேன்!

திங்கட்கிழமை அலுவலக வராந்தாவில் வீராயி பச்சைக் குடையோடு உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவளை நேராகப் பார்த்தேன். அதற்கு முன் அவள் எனக்கு ஒரு பக்கம் எழுத்து, அவ்வளவுதான்.

"நீதான் அந்த வாத்தியாரா?"

"ஆமாம்மா."

"பொழுது போகலைன்னா கடல்ல தூண்டிலைப் போடுய்யா. என் வாயில எதுக்குப் போடுற?"

கனி தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரையும் விடவில்லை. "ஏன் பாய், குடை வாங்குனப்ப ரெண்டு வருசத்துக்குக் கிழியாதுன்னு சொன்ன. என்னையக் கிழிச்சுப்புட்டியே."

உள்ளே கூப்பிட்டார்கள். சாப்பின் மேஜையில் எங்கள் ஏடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஹெட் கிளார்க் நின்றார். சாப் முதலில் வீராயியிடம் கேட்டார். அவள் தீவு இந்தியில் நிமிர்ந்து சொன்னாள்: "ஹமாரா ஆத்மி ஆயேகா, சாப். டிக்கெட் நஹி மிலா." என் ஆள் வருவான், டிக்கெட்தான் கிடைக்கவில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

சாப் என் பக்கம் திரும்பினார். ஏட்டை விரலால் தட்டினார். "மாஸ்டர்ஜி. கஹானி ஹை, யா சச்?" கதையா, உண்மையா?

ஒரு நாள் முழுக்க யோசித்தவனுக்கு அந்த இடத்தில் யோசிக்க நேரமே இல்லை. எதிரே அவளுடைய கை தெரிந்தது. விரல் இடுக்கில் வயல் சேறு காய்ந்து கிடந்தது. நிலத்தில் இருந்து நேராக வந்திருக்கிறாள். "கஹானி" என்றேன். எந்த அலுவலகத்திலும் அதற்கு முன் நான் பொய் சொன்னதில்லை.

சாப் முதல் பக்கத்தைத் திருப்பினார். "கற்பனைக்கு இடமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களாமே?"

என் சிவப்பு மை. அதையும் அன்றைக்கு ஹெட் கிளார்க் பெருமையாக மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்.

 சாப் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொன்னது இதுதான்: "இப்படியெல்லாம் கதை கட்டத் தெரியும் என்றால் இன்னொன்று கட்டுங்கள். இங்கேயே. இதே பெண், இதே படகு. படகு பாம்பூஃப்ளாட் போய்ச் சேரும் நேரம் தருகிறேன்."

இளைய நண்பர்களே, எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தார்கள். பேனாவை எடுத்தேன். பழக்க தோஷத்தில் தேதி போட்டேன். காற்று தென்மேற்கு என்று எழுதினேன். "படகில் ஒரு பெண் ஏறினாள்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நடக்காத ஒரு வரியை எழுத என் கைக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக மற்றவர்களுடைய வாயிலிருந்து எடுத்தே எழுதியவன். மேலே மின்விசிறி சுற்றியது. வீராயி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா நகரவில்லை என்பது தெரியும்.

நேரம் முடிந்தது. சாப் கையை நீட்டினார். அதற்கு முன் ஹெட் கிளார்க் தாளை எடுத்துக்கொண்டார். "நான் படிக்கிறேன் சாப்" என்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

மூன்று வரி இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இந்தியில் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு பெண் பூசணிக்காயோடு படகில் ஏறுகிறாள். அவள் கணவன் மெயின்லேண்டில் இருக்கிறான். ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கிறான், பெட்டியைக் கட்டுகிறான், மதராஸ் துறைமுகத்துக்கு வருகிறான். கப்பலைப் பார்க்கிறான். தரையில் நின்றபடியே வாந்தி எடுக்கிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறான். வெட்கத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று கடிதம் போடுகிறான். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும். ஆனால் ஊரில் சொன்னால் அவன் மானம் போகும். அதனால், அவன் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று தோழியிடம் கட்டிவிடுகிறாள். கப்பலைக் கண்டு வாந்தி எடுப்பவன் என்பதைவிட அது கௌரவம் அல்லவா!

நடுவில் தாளைத் திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் படித்தார்.

அந்த அதிகாரி தீவுக்கு வந்தபோது கப்பல் பயணம் முழுவதும் குமட்டலில் கட்டிலை விட்டு எழாதவர் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஹெட் கிளார்க்குக்குத் தெரியும். தரையில் வாந்தி எடுத்த இடத்தில் சாப் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைக் கேட்டு வாங்கினார். பார்த்தார்.

"இத்னா சா?" இவ்வளவுதானா?

ஹெட் கிளார்க் முகம் மாறாமல் சொன்னார்: "தமிழ் அப்படித்தான் சாப். கொஞ்சமாத்தான் இடம் பிடிக்கும்."

சாப் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வீராயியைப் பார்த்தார். தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "போங்கள்" என்றார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பு அவர் இருந்தவரை நகரவில்லை. அடுத்த அதிகாரி வந்த பிறகு ஹெட் கிளார்க்கே மனு எழுதி, நிலத்தை வீராயி பெயருக்கு மாற்றும் வேலையை முறைப்படி முடித்துக் கொடுத்தார். நான் திருப்பி அனுப்பிய கதைக்காரர் அவர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், ஒரு கதையாவது அரங்கேறுச்சே" என்றார்.

திரும்பும் படகில் வீராயி நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கியதும், "அந்தப் பக்கத்தை எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள். சாப் திருப்பிக் கொடுத்த ஏடு என் கையில்தான் இருந்தது. நின்றபடியே படித்தேன். கவனமாகக் கேட்டாள். மாடு தலையாட்டும் இடத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து அடங்கியது.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு பாய். நான் பேசுன மாதிரியே இருக்கு. அதான் கிழிக்கச் சொல்றேன்."

கிழித்துக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அடுப்புக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்க்கப் போனாள்.

கனி அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. கடைக்குப் போய் எத்தனையோ முறை கேட்டேன். "எனக்கு இப்பல்லாம் காது கேக்கறதில்லை சார்" என்று சொல்லிக் குடையை விரித்துக் காட்டுவார். தீவில் அந்தத் தலைமுறையில் எழுதியிருக்க வேண்டிய ஆள் அவர். அவரை நிறுத்தியது நான். இந்தப் பழியை வேறு யார்மேலும் போட முடியாது.

படகிலும் விஷயம் பரவிவிட்டது. நான் ஏறினால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "வாத்தியார் வர்றாருடி, வாயை மூடு" என்பது மட்டும் காதில் விழும். ஓய்வு பெறும் வரைக்கும், போகவர, கயிறு அவிழ்ப்பதிலிருந்து கயிறு கட்டுவது வரை, எஞ்சின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு கடலைக் கடந்தேன்.

இப்போது நீங்கள் அதே பயிற்சியை, என் பெயரையும் சேர்த்து, அச்சடித்துக் கொடுக்கப் போகிறீர்கள். உயிருள்ள பேச்சு வேண்டுமாம். பேசுபவளுக்கும் உயிர் உண்டு என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? பேருந்து நிறுத்தத்திலும் மருத்துவமனை வரிசையிலும் போய் உட்கார்ந்து அள்ளிக்கொண்டு வாருங்கள் என்று ஆட்களை அனுப்பப் போகிறீர்கள். இந்தத் தீவில் மறைக்க ஏதாவது இருப்பதால்தான் பாதிப் பேர் கடல் தாண்டி வந்தார்கள். சின்ன ஊர். ஒரு குடையின் நிறம் போதும், ஆளைக் கண்டுபிடிக்க.

மூன்றாம் பயிற்சியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். அதன் இடத்தில் இதைப் போடுங்கள்: கேட்டதை எழுதுங்கள். எழுதியதைப் பேசியவரிடமே எடுத்துப் போய் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், கிழிக்கச் சொன்னால் அவர் எதிரிலேயே கிழியுங்கள். அதற்குத் துணிவு இல்லாதவர், ஹெட் கிளார்க் செய்தது போல நடக்காததை எழுதப் பழகட்டும். அது இதைவிடக் கடினம். நான் அந்தத் தேர்வில் தோற்றவன் என்பதால் சொல்கிறேன்.

இந்தப் பயிற்சியை முதலில் நானே செய்து பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், போன ஞாயிற்றுக்கிழமை, எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். அது பெரார்கஞ்ச் அல்ல. வயல் அவள் பெயரில்தான் இருக்கிறது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டாள். மூன்று இடத்தில் மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். எவை என்று நீங்கள் கேட்கக் கூடாது.

கடைசியில் ஒன்று கேட்டாள்.

"தேதி போட்டிருக்கியா?"

"இல்லை."

"எங்க, நல்லாப் பாத்துச் சொல்லு."

முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை திருப்பிப் பார்த்தேன். "இல்லைம்மா."

"அப்பச் சரி. கொண்டு போய்க் குடு."